அணில் குட்டிக்குப் பசும்பால் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமைப் பதிப்பில் ஏழாம் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். எட்டு ஒன்பது வயதிருக்கும் பெண்பிள்ளை ஒருத்தி, கண் திறக்காத அணில் குட்டியை உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்க வைத்து, இங்க் ஃபில்லரால் பால் புகட்டுகிறாள். கீழே 'தாயான சிறுமி' என்று போட்டிருந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. என் வீட்டில் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப் போனாள். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். அந்தக் குட்டியின் வயிற்றைப் பார்த்தீர்களா? ஒரு பக்கம் உப்பலாக, தோல் பளபளவென்று இருக்கிறது. அந்தப் பளபளப்பை நான் ஒரு தடவை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவன். முப்பத்திரண்டு வருஷமாக அதே வேலை. பத்து லிட்டர் பால், ஒன்றேகால் கிலோ சர்க்கரை, அடுப்பில் முந்திரித்தோடு. துடுப்பை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது கடை வாசலில் வெடி போட்டோம். பாலை நம்பிப் பிழைக்கிறவன் பாலுக்கு எதிராகப் பத்திரிகைக்கு எழுதுகிறானே என்று கடைப் பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2023 ஆடி மாதம். காற்று உங்களுக்குத் தெரியும், மேற்கு மலையிலிருந்து இறங்கினால் ஓட்டைக் கழற்றிப் போடும். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்து ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அணில் கூடு கட்டியிருந்தது. தேங்காய் நார், தலையணைப் பஞ்சு, என் பேத்தியின் ரிப்பன் ஒன்று, எல்லாம் போட்டுப் பின்னிய கூடு. அது அப்படியே முற்றத்தில் விழுந்தது. உள்ளே ரெண்டு குட்டிகள். கண் திறக்கவில்லை. முதுகில் மூன்று கோடு மட்டும் பென்சிலால் போட்டது மாதிரி லேசாகத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் முதல் தப்பைச் செய்தேன். தாய் அணில் மாமரத்துக் கிளையில் நின்று வாலை உதறிக் கத்திக்கொண்டே இருந்தது. அது நம்மைத் திட்டுகிறது என்று நினைத்து, குட்டிகளை எடுத்து உள்ளே கொண்டு போய்விட்டேன். மனுஷக் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது கட்டுக்கதையாம். ஒரு சின்னப் பெட்டியில் பழைய துணி போட்டுக் குட்டிகளை வைத்து, கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் காக்கையும் பூனையும் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், பெரும்பாலும் தாய் வந்து வாயால் கவ்வி ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்விடும். அணில் பகலில் நடமாடுகிற பிராணி, இருட்டிவிட்டால் வராது. அந்த ஒரு பகல் பொழுதை அதற்குக் கொடுத்திருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை.

அரைக் கிலோ பால்கோவா அட்டைப் பெட்டியில் துண்டை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தோம். கடையிலிருந்து கொண்டு வந்த பால், நல்ல பசும்பால், நான் லாக்டோமீட்டர் போட்டுப் பார்த்து வாங்கின பால். காய்ச்சி, ஆற்றி, பேத்தியின் இங்க் ஃபில்லரில் எடுத்துப் புகட்டினேன். அது சப்புக் கொட்டிக் குடித்தது. குடிக்கிறதே என்ற சந்தோஷத்தில் இன்னும் கொடுத்தேன். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் பெரிய குட்டியின் வயிறு சுரைக்காய் மாதிரி உப்பியது. தோல் வழியாக நீல நரம்பு தெரிந்தது. விரலால் தொட்டால் மத்தளத் தோல். பின்பக்கம் மஞ்சளாகத் தண்ணி போல் ஒழுகி வாலெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஓமத்தண்ணி கொடுக்கலாமா என்று என் வீட்டில் கேட்டாள். அதையும் ரெண்டு சொட்டு கொடுத்தோம். விடிகாலை நாலு மணிக்கு நான் அடுப்பு மூட்டக் கிளம்பும்போது பெட்டியைத் திறந்தேன். சின்னது மட்டும் அசைந்தது.

பேத்தியிடம் என்ன சொல்வது? தாய் அணில் வந்து ஒன்றைக் கூட்டிப் போய்விட்டது என்று சொன்னேன். அவளும் நம்பினாள், அல்லது நம்பினது மாதிரி இருந்தாள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அன்றைக்கே சின்னதைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் முதலில் கேட்டது, "என்ன கொடுத்தீக?" பால் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அணில் தாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட எவ்வளவோ அதிகம். பாலுக்கே உரிய சர்க்கரை குறைவு. பசும்பாலில் அது தலைகீழ். அவ்வளவு சர்க்கரையைச் செரிக்கிற சக்தி இந்தக் குட்டிக் குடலுக்கு இல்லை. அது உள்ளேயே புளித்து, காற்றாகி, வயிறு உப்பி, கடைசியில் வயிற்றுப்போக்கில் முடியும். பால் சர்க்கரையா, அதென்ன என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும். சீனியே போடாமல் பாலைச் சுண்டக் காய்ச்சினாலும் கோவா லேசாகத் தித்திக்கும். பதம் தப்பி ஆறிப்போன கோவா நாக்கில் மணல்மணலாகத் தட்டுமே, அதுவும் அந்தச் சர்க்கரைதான். முப்பது வருஷமாக அதை நாக்கில் வைத்துப் பார்த்தவன், ஒரு குட்டியின் வயிற்றுக்குள் அது என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? முதலில் சூடு. குட்டி குளிர்ந்திருக்கும்போது எதையும் வாயில் விடக் கூடாது. உடம்பு சில்லிட்டிருந்தால் குடல் வேலை செய்யாது, உள்ளே போனது அப்படியே கிடந்து கெடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகம் என்று பட்டால் குட்டி மறு பாதிக்கு நகர்ந்துகொள்ளும். கையில் எடுத்தால் இளஞ்சூடாகத் தெரிகிற வரைக்கும் பொறுக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர்ச்சத்து. பிடரித் தோலை மெதுவாகக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி தூக்கியபடியே நின்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். எங்கள் குட்டிக்கு அப்படித்தான் நின்றது. மெடிக்கலில் விற்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் சரியாகக் கரைத்து, வெதுவெதுப்பாக, ஒரு மில்லி சிரிஞ்சில், ஊசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாக. அன்றைக்கு முழுக்க அது மட்டும்தான். அண்ணாச்சி பாலை வாசனைகூடக் காட்டவிடவில்லை. வயிற்றை வெதுவெதுப்பான துணியால் மேலிருந்து கீழாக நீவி விட்டார். அந்தப் பெரிய கை அவ்வளவு மெதுவாக நகரும் என்று எனக்குத் தெரியாது. மாட்டுக்குக் கன்று இழுத்த கை.

இன்னொன்றும் சொன்னார். கண் திறக்காத குட்டிக்குத் தானாக ஒன்றுக்கும் ரெண்டுக்கும் வராது. தாய் நாக்கால் நக்கி விட்டால்தான் வரும். தாய் இல்லாத இடத்தில், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லத் தடவிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வேளையும். நான் ரெண்டு நாளாக உள்ளே ஊற்றிக்கொண்டே இருந்தேனே தவிர, வெளியே போவதைப் பற்றி நினைக்கவில்லை. அவர் பஞ்சை வைத்ததும் அது விட்ட சிறுநீர் அவர் வேட்டியை நனைத்தது. "இது போதும், பிழைச்சுக்கும்" என்றார்.

மறுநாள் மருமகன் மதுரையிலிருந்து நாய்க்குட்டிக்கென்று விற்கிற பால்பவுடர் வாங்கி வந்தான். முதல் நாள் நன்றாக நீர்க்கக் கரைத்து, நாளாக ஆகக் கெட்டியாக்கினோம். எங்கள் கடைத் தராசில் வைத்தபோது குட்டி பதினெட்டு கிராம். ஒரு வேளைக்கு அதன் எடையில் இருபதில் ஒரு பங்குதான் கணக்கு. அதாவது ஒரு மில்லிக்கும் கொஞ்சம் குறைவு. நான் முதல் நாள் இங்க் ஃபில்லரில் ஊற்றினது அதைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். குப்புற, தலை கொஞ்சம் நிமிர்ந்தாற்போல், தாய் மடியில் கிடக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். மல்லாக்கக் கிடந்து அவசரமாகக் குடித்தால் பால் மூக்கில் ஏறும், நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். வயிற்றுக்குத் தப்பின குட்டி அதில் போய்விடும். உங்கள் படத்தில் அந்தப் பிள்ளை பிடித்திருக்கிற விதம் அப்படித்தான் இருக்கிறது. அவள் மேல் குற்றமில்லை. நானும் அப்படித்தான் பிடித்தேன்.

குட்டி பிழைத்தது. பேத்தி அதற்குக் கோவா என்று பெயர் வைத்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் கடிதம் பாதியில் நின்றிருக்கும். கோவாவுக்கு ரெண்டாவது தடவை வயிறு கெட்டது எட்டாம் மாசத்தில். அதற்கும் நான்தான் காரணம்.

பல் முளைத்துத் தானாகச் சாப்பிட ஆரம்பித்ததும், அணில் என்றால் கடலைதானே என்று நிலக்கடலை கொடுத்தோம். பச்சைக் கடலை, வறுத்த கடலை, உப்புக் கடலை. கடையில் மிஞ்சுகிற முந்திரிக் குருணை. நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் தோளில் ஏறி, விரல் இடுக்கில் ஒட்டியிருக்கிற பால்கோவாவை நக்கும். அதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் வரும். எனக்கும் பெருமை. கொய்யாவை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுக் கடலைக்குத்தான் போகும். பிடித்ததைத்தானே தின்னும் என்று விட்டுவிட்டேன். பேத்தி பிடித்தது என்பதற்காக மூன்று வேளையும் முறுக்கு தின்றால் விடுவோமா?

மாசி மாதம் ஒரு நாள் கடலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தது. மறுநாள் வாங்கவே இல்லை. நல்ல அணிலின் புழுக்கை சீரகம் மாதிரி கருப்பாக, உதிரியாக இருக்கும். கோவாவுடையது முதலில் ரெண்டு நாள் வரவே இல்லை. அப்புறம் களிம்பு மாதிரி, நாற்றத்தோடு. பின்னங்கால் ரெண்டும் இழுத்துக்கொண்டது. தராசில் வைத்தேன். நன்றாக வளர்ந்த அணில் சுமார் நூறு கிராம் இருக்க வேண்டும், நூறு கிராம் பால்கோவா பொட்டலம் மாதிரி. எங்கள் கடைத் தராசு எழுபத்தொன்று காட்டியது. தட்டை மாற்றி வைத்துப் பார்த்தேன். எழுபத்தொன்றுதான்.

மெடிக்கலில் போய்ச் சொன்னேன். "குழந்தைக்குக் கொடுக்கிற சொட்டு மருந்து இருக்கு, அதில் பாதி கொடுங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டும் வந்துவிட்டேன். நல்ல வேளையாகத் திறக்கவில்லை. முயல், கினிப்பன்றி மாதிரிப் பிராணிகளுக்கு நாம் சாதாரணமாக விழுங்குகிற அமாக்சிசிலின் என்கிற கிருமிக்கொல்லி மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால், குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து உயிருக்கே ஆபத்தாகும் என்று பிறகு டாக்டரம்மா சொன்னார். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மனுஷ மாத்திரையும் அப்படித்தான், தொடக் கூடாது. எழுபது கிராம் உடம்புக்குப் பாதிச் சொட்டு என்பது நமக்கு ஒரு பாட்டில் மாதிரி.

அடுத்து மாட்டு ஆஸ்பத்திரி. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. வெளியே முப்பது ஆடு நிற்கிறது, ஒரு பசு மடி வீங்கிக் கத்துகிறது. நான் பால்கோவா டப்பாவைத் திறந்து அணிலைக் காட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "இதுக்கெல்லாம் மருந்து கிடையாது அண்ணாச்சி, கொண்டுபோய் மரத்துல விடுங்க" என்றார்கள். பின்னங்கால் வராத அணிலை மரத்தில் விட்டால் அது காக்கைக்குத்தான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரைவிட்டுச் செண்பகத்தோப்புப் பக்கம் போனால் சாம்பல் நிற மலை அணிலுக்கு என்று அரசாங்கமே 1988-இல் சரணாலயம் வைத்திருக்கிறது. 2021-இல் அதை மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கினார்கள். மலையில் இருக்கிற அணிலுக்கு வாட்சர் உண்டு, ஜீப் உண்டு. முற்றத்து அணிலுக்குச் சீட்டு எழுத ஆளில்லை. கோபத்தில் சொல்லவில்லை, அந்த மரத்தடியில் எனக்கு அப்படித் தோன்றியது, அவ்வளவுதான்.

சாப்பிடாத சின்னப் பிராணிக்கு ஒரு நாள் என்பது நமக்கு ஒரு வாரம். அன்றைக்கு மத்தியானமே பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். செல்லப்பிராணிகள் பார்க்கிற கிளினிக். எனக்கு முன்னால் ஒரு பெரிய நாய், பின்னால் கூண்டில் ஒரு கிளி. டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். டப்பாவைத் திறந்ததும் சிரிக்கவில்லை. முதலில் கேட்டது அதே கேள்விதான்: "ஐயா, என்ன கொடுக்கிறீங்க?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, விரலில் நக்கின பால்கோவா உட்பட.

ஒரு துணியில் சுற்றி, வாயைத் திறந்து டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். கீழ் முன்பற்கள் ரெண்டும் நீண்டு வளைந்து மேல் ஈறைக் குத்திக்கொண்டிருந்தன. அங்கே புண். அணிலின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமானதைக் கடித்துக் கடித்துத்தான் தேய வேண்டும். நான் தோலுரித்த கடலையும் முந்திரிக் குருணையும் கொடுத்து அதற்கு வேலையே வைக்கவில்லை. பசி இல்லாமல் இல்லை, கடிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. கடலையைக் கையில் வைத்துக்கொண்டு அது என்னையே பார்த்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

கால் இழுத்ததற்கு வேறு காரணம். நிலக்கடலையில் கால்சியத்தைப் போல நான்கு மடங்கு பாஸ்பரஸ். அதையே தின்றுகொண்டிருந்தால் உடம்பு கணக்கைச் சரிக்கட்ட எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். எலும்பு மெலியும், தசை தளரும். "குடலும் தசைதான் ஐயா, அதுவும் தளர்ந்துடும். அதனாலதான் முதல்ல கட்டிக்கிட்டு, அப்புறம் கெட்டுப்போய் வந்திருக்கு" என்றார். பால்கோவாவில் இருக்கிற சர்க்கரையும் பாலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. கடலை பழசாக, பூஞ்சை பட்டதாக இருந்தால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு வேறு அதில் சேரும்; முளைத்தது, கருத்தது, கசப்பது எதையும் கொடுக்க வேண்டாம் என்றார்.

பல்லை அவரே சின்னக் கருவியால் அளவாகத் தேய்த்துவிட்டார். நகவெட்டியால் வீட்டில் வெட்டப் பார்க்காதீர்கள், பல் நெடுக்காகப் பிளந்துவிடும் என்று எச்சரித்தார். தோலுக்கடியில் கொஞ்சம் நீர் ஏற்றினார். முதுகில் சின்னக் கொப்புளம் மாதிரி எழும்பி, ஒரு மணி நேரத்தில் வடிந்தது. கால்சியம் சொட்டு எழுதிக் கொடுத்தார். அதன் பெயரையும் அளவையும் இங்கே எழுதவில்லை. எடைக்குத் தக்கபடி மாறுவது, யாராவது இதைப் பார்த்துவிட்டுத் தாங்களே கொடுத்துவிடக் கூடாது.

வீட்டு வைத்தியம் என்றால் அதன்பிறகு நாங்கள் செய்த சாப்பாட்டு மாற்றம்தான். முதல் நாலு நாள் வேகவைத்த பூசணியை நன்றாக மசித்து, வெதுவெதுப்பாக, சிரிஞ்சில் வாயோரமாக, ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் அது விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார்த்துத்தான் அடுத்த சொட்டு. சில வேளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விட்டுவிட்டு அரை மணி கழித்து மறுபடி. என் வீட்டில் அடுப்படியிலேயே அதை வைத்துக்கொண்டாள். எனக்குத் துடுப்புப் பிடித்துத் தழும்பேறிய கை, சிரிஞ்சு பிடிக்க வரவில்லை. அவள்தான் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலையில் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, மடியில் கிடந்த கோவா ஒரு காம்பை இழுத்து ஒவ்வொரு இலையாகக் கொறித்ததாம். என்னைக் கடைக்குப் போன் போட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள். அடுப்பில் கோவா பதம் திரளுகிற நேரம். கையை விட முடியாது. பையன்தான் போனைக் காதில் பிடித்தான். அன்றைக்கு அடி கொஞ்சம் பிடித்துவிட்டது, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் முருங்கைக்கீரை தினமும். தோலோடு கொய்யா, வெள்ளரி, புடலை விதை, எப்போதாவது வேகவைத்த முட்டையில் கடுகளவு. கடலை வாரத்துக்கு ஒன்றோ ரெண்டோ, அதுவும் ஓட்டோடு, உரித்துத் தின்னட்டும். கடிக்கக் கொய்யாக் குச்சியும் வேப்பங்குச்சியும் போட்டோம். கிளி வளர்க்கிறவர்கள் வாங்குகிற கணவாய் ஓடு ஒன்றும் கட்டித் தொங்கவிட்டோம், அதில் பல்லும் தேயும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். காலை வெயிலில் கூண்டை அரை மணி வைப்போம், பாதி நிழல் இருக்கிற மாதிரி. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வரும் வெயில் எலும்பு தேற உதவாது, நேர் வெயில் வேண்டும் என்று டாக்டரம்மா குறிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்று வாரத்தில் கால் ஊன்றியது. தராசில் எண்பத்தாறு. சித்திரையில் தொண்ணூற்றெட்டு.

கடைசியாக மதுரை போனபோது டாக்டரம்மா ஒன்று சொன்னார், அது எனக்குக் கொஞ்சம் கசந்தது. இது நாய் பூனை மாதிரி வளர்ப்புப் பிராணி இல்லை, காட்டுயிர். தேறிவிட்டால் விட்டுவிட வேண்டும், முடியாமல் போனால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றுதான் வந்தேன். கூண்டைக் கொய்யா மரத்தடியில் வைத்துக் கதவைத் திறந்தே போட்டோம். முதல் வாரம் ராத்திரி கூண்டுக்கே வந்து படுத்தது. ரெண்டாவது வாரம் வரவில்லை. பேத்தி ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போது என் வீட்டில் அவளிடம், "கோவாவுக்கு நான் சிரிஞ்சுல கொடுத்த மாதிரி உனக்கும் கொடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தாள்.

இவ்வளவையும் உங்களுக்கு எழுதக் காரணம், உங்கள் பத்திரிகை எங்கள் ஊர் டீக்கடை எல்லாவற்றிலும் கிடக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த காற்றில் விழுகிற குட்டிக்கு ஆளுக்கு ஒரு சங்கு பால் ஊற்றுவார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் அவசரத்துக்குக் கூப்பிட 1962 என்று ஒரு போன் எண் இருக்கிறது, நல்ல காரியம், பலருக்குத் தெரிந்திருக்கிறது. அதே மாதிரி அணில், குருவி, கிளிக்குஞ்சு எது விழுந்தாலும் யாரைக் கேட்பது என்று வாரம் ஒரு பத்தி நீங்கள் போடலாம். ஞாயிற்றுக்கிழமை ராசிபலனில் நாலு வரி குறைந்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மாவட்டத்துக்கு ஒரு கால்நடை ஆஸ்பத்திரியிலாவது ஒரு மில்லி சிரிஞ்சும் நாய்க்குட்டிப் பால்பவுடரும் வைத்து, சின்னப் பிராணி பார்க்கப் பழகிய ஒரு டாக்டரை வாரத்தில் ஒரு நாள் உட்கார வைத்தால், என்னை மாதிரி ஆட்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. போக வரச் செலவு எனக்குக் கட்டுப்படியானது. எல்லாருக்கும் ஆகாது.

ஆனால் இதைப் பிரசுரிப்பதெல்லாம் அப்புறம் இருக்கட்டும். தபாலில் இது வந்து சேர ரெண்டு நாள் ஆகும், அதனால் நேற்றே உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஆசிரியருக்கு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படம் எடுத்தவரிடம் அந்தப் பிள்ளையின் வீட்டு நம்பர் இருக்கும். இன்றைக்கே கூப்பிட்டு, பாலை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் சூடு, அப்புறம் ஓ.ஆர்.எஸ்., குப்புறப் பிடிக்க வேண்டும், பஞ்சு வைத்துத் தடவ வேண்டும். இந்த நாலையும் போனிலேயே சொல்லிவிடலாம். பக்கத்து ஊராக இருந்தால் என் வீட்டில் பிரிக்காத ஒரு மில்லி சிரிஞ்சு ஆறு இருக்கிறது, பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பால்கோவா மாஸ்டர் ஒருவர்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

(பெயர் போட வேண்டாம். அடி பிடித்த கதையை முதலாளி மறந்துவிட்டார்.)